ஒரு கிட்டின் விலையும் அரைமணி நேரத்தின் விலையும்

(கடலூரில் நடந்த ஆதரவாளர் கூடுகையில், எங்கள் பரிசோதனைக் கூடத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மருத்துவமனைச் செய்தி என்றால் அறுவைச் சிகிச்சையைப் பற்றியோ பிரசவ வார்டைப் பற்றியோ கேட்டுப் பழகியிருப்பீர்கள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பேசச் சொல்வது அபூர்வம். ஊசி குத்துகிற இடம் என்பதற்கு மேல் எங்களை யாரும் நினைப்பதில்லை; பிள்ளைகள் அப்படியும் நினைக்க விரும்புவதில்லை. ஆகையால் கிடைத்த இந்த நேரத்தில், எங்களுக்கு வந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

சிதம்பரத்திலுள்ள ஒரு சகோதரி எங்களுக்கு எழுதியிருந்தார்கள். தம் தாயாரின் நினைவாக மருத்துவமனைக்கு ஏதேனும் வாங்கித் தர வேண்டும். வெள்ளை அணுக்களின் நொதிகளை இரத்தத்தில் அளக்கிற எலிசா கிட் என்று ஒரு விலைப்பட்டியலில் பார்த்தேன். அதை வாங்கினால் நோயாளிகளுக்கு உதவுமா என்பது கேள்வி. நல்ல மனதோடு கேட்ட கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் எழுதினால் போதாது என்று தோன்றியது. கொடுக்கிறவர்களுக்குத் தாங்கள் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

முதலில் நொதி. பள்ளியில் என்சைம் என்று படித்திருப்பீர்கள். பால் தயிராவதும் இட்லி மாவு புளிப்பதும் நுண்ணுயிர்களின் நொதிகளால்தான். நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களும் தங்களுக்கென்று நொதிகளைச் சுமந்துகொண்டு திரிகின்றன. இவற்றில் மிகப் பெயர் பெற்றது மையலோபெராக்சிடேஸ். பெயர் நீளமாக இருப்பதால் எம்.பி.ஓ. என்கிறோம். புண்ணில் கட்டும் சீழ் சில வேளை பச்சையாய்த் தெரிகிறதே, அதற்கு ஒரு காரணம் இந்த நொதியின் நிறமே. 1941-ஆம் ஆண்டு ஸ்வீடன் தேசத்து ஆக்னர் இதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தபோது, பச்சை என்று பொருள்படும் பெயரைத்தான் முதலில் இட்டார்.

இது செய்கிற வேலை நம் ஊராருக்கு அந்நியமானதல்ல. நியூட்ரோபில் என்கிற வெள்ளை அணு ஒரு கிருமியை விழுங்கினவுடனே, ஹைட்ரஜன் பெராக்சைடையும் நம் உடலின் உப்பிலுள்ள குளோரைடையும் சேர்த்து இந்த நொதி ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்குகிறது. வெள்ளம் வடிந்தபின் கிணற்றிலே பிளீச்சிங் பவுடர் போடுகிறோமே, அது தண்ணீரில் கரைந்து கிருமியைக் கொல்வதும் இதே பொருளால்தான். ஒவ்வொரு நியூட்ரோபிலுக்குள்ளும் ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் தயாரிக்கும் பட்டறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர எலாஸ்டேஸ் உண்டு. கெட்டுப்போன உயிரணுக்களைக் கொல்லும் கிரான்சைம் உண்டு. அடினோசின் டீஅமினேஸ் உண்டு. கடைசியாய்ச் சொன்னதற்குப் பின்னால் வருவோம்.

இரத்தத்தின் நீர்ப்பகுதியில் இந்த எம்.பி.ஓ. மிகக் கொஞ்சமாகவே காணப்படும். ஒரு மில்லிலிட்டரில் நானோகிராம் கணக்கு. ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்கு. இவ்வளவு கொஞ்சமானதை அளப்பதற்குத்தான் எலிசா. 96 சிறு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு; இட்லித் தட்டைக் கைக்கு அடக்கமாகச் செய்ததுபோல் இருக்கும். குழியின் அடியில், அந்த ஒரு நொதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பூசியிருப்பார்கள். நோயாளியின் பிளாஸ்மாவை ஊற்றினால் எம்.பி.ஓ. ஒட்டிக்கொள்ளும், மற்றவை கழுவும்போது போய்விடும். அதன்மேல் இரண்டாவது எதிர்ப்பொருள். அதனோடு வேறொரு நொதி கட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது குதிரை முள்ளங்கி என்கிற ஒரு கிழங்கிலிருந்து எடுத்தது. அதற்கு உரிய நிறப்பொருளைச் சேர்த்தால் குழி நீலமாகும். அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு எம்.பி.ஓ. இருக்கிறது என்று கருவி படித்துச் சொல்லும். ஒரு நொதியைக் கண்டுபிடிக்க இன்னொரு நொதியைத் தூது அனுப்புகிறோம்!

இந்த முறையை 1971-இல் ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மன் என்ற இருவரும், அதே காலத்தில் நெதர்லாந்தில் வேறு இருவரும் வெளியிட்டார்கள். அதற்கு முன்னே இப்படிப்பட்ட அளவைகளுக்குக் கதிரியக்கப் பொருள் தேவைப்பட்டது. அந்தப் பழைய முறையைக் கண்ட அமெரிக்கப் பெண்மணி ரோசலின் யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. கதிரியக்கத்தை விட்டு நிறத்துக்கு வந்ததினால்தான் எங்களைப்போன்ற சிறிய கூடங்களும் எலிசாவைத் தொட முடிந்தது.

நம் தேசத்தில் எலிசாவினால் விளைந்த மிகப் பெரிய காரியம் ஒன்று தமிழ்நாட்டில்தான் நடந்தது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவர்களுடைய மாணவி நிர்மலா அவர்களும் எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் இருக்கிறதா என்று பார்க்கப் புறப்பட்டார்கள். இங்கே அது இல்லவே இல்லை என்று பலர் நம்பின காலம். இரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, வைக்க வசதியில்லாததால் நிர்மலா அவர்கள் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலே வைத்தார்கள். பிறகு இரவு ரயிலில் அதைக் காட்பாடிக்குக் கொண்டுபோய், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் எலிசா செய்தார்கள். சில குழிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது அப்படித்தான். ஒரு மிஷன் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடம் திறந்த கதவோடு இருந்ததினால் நடந்த காரியம் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு மகிழ்ச்சி உண்டு.

இப்போது கவனியுங்கள். வீட்டுக் குளிர்பெட்டியும் இரவு ரயிலும் அந்தச் சோதனைக்குப் போதுமானதாயிருந்தது. ஏனெனில் அவர்கள் தேடினது கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கின எதிர்ப்பொருளை. அது உறுதியானது, குளிரில் வைத்தால் நாட்கணக்கில் கெடாது. வெள்ளை அணுவின் நொதி அப்படியல்ல. நாம் அளக்க விரும்புவது, நோயாளியின் உடலுக்குள்ளே வெள்ளை அணுக்கள் எவ்வளவு நொதியை வெளியே விட்டன என்பதை. ஆனால் இரத்தம் குழாய்க்குள் வந்த பிறகும் அந்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. குழாயில் இரத்தம் உறைந்தால் அவை கிளர்ந்து, தங்கள் பையிலுள்ளதைக் கொட்டிவிடும். வெயிலில் வைத்தாலும், குலுக்கினாலும், நெடுநேரம் காக்க வைத்தாலும் கசியும். நோயாளிக்கு ஒன்றுமே இராது. சீட்டில் மட்டும் எண் ஏறியிருக்கும்.

ஆகவே இந்தச் சோதனைக்குச் சிவப்பு மூடிக் குழாயில் உறைய விட்டு எடுத்த சீரம் உதவாது. ஊதா மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். கூடிய சீக்கிரம், அரைமணி நேரத்துக்குள் முடிந்தால் நலம், குளிரூட்டப்பட்ட சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிளாஸ்மாவைத் தனியே பிரித்து உறைய வைக்க வேண்டும். ஹெப்பாரின் ஊசி போட்டிருக்கிற நோயாளி என்றால் அந்த மருந்தே இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள எம்.பி.ஓ.வை இரத்தத்துக்குள் இறக்கிவிடும். அதையும் சீட்டில் எழுத வேண்டும்.

இதைப் பரங்கிப்பேட்டைக்கு அப்பாலுள்ள ஒரு கடற்கரைக் கிராமத்து முகாமில் செய்து பாருங்கள். காலை பத்து மணிக்கு இரத்தம் எடுக்கிறோம். பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று நின்று நின்று கடலூர் வந்து சேருகிற பேருந்தில் அந்தப் பெட்டி வந்தால் மதியம் ஆகிவிடும். சர்க்கரைக்கும் உப்புச்சத்துக்கும் கூட இந்தத் தாமதம் கெடுதிதான். அணு நொதிக்கோ சொல்லவே வேண்டாம். உலகத்திலேயே சிறந்த கிட்டை வாங்கி வைத்திருந்தாலும் அது பேருந்தில் நடந்ததைத்தான் அளந்து சொல்லும்.

இனி கிட்டின் கணக்கு. சபைப் பொருளாளர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பிடிக்கும். 96 குழிகளில் எல்லாம் நோயாளிகளுக்கு அல்ல. அளவு தெரிந்த எட்டு மாதிரிகளை இரட்டையாக ஊற்ற வேண்டும், அதற்குப் பதினாறு. சரிபார்க்கும் மாதிரிகளுக்கு நான்கு. மீதி 76. ஒவ்வொருவருக்கும் இரண்டு குழி வீதம் 38 பேரைப் பார்க்கலாம். நல்லது. ஆனால் இன்று ஒரு நோயாளி, அடுத்த வாரம் ஒரு நோயாளி என்று வந்தால்? தட்டை எட்டெட்டுக் குழிப் பட்டைகளாகப் பிரித்துப் பயன்படுத்தலாம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த இருபது குழிகளை மறுபடி செலவழித்தாக வேண்டும். மூன்று பட்டை எடுத்தால் 24 குழி, இருபது போக நான்கு, இரண்டு பேர். அப்படி நான்கு தடவை. 38 பேருக்கு ஆகவேண்டிய கிட் எட்டுப் பேரோடு தீர்ந்துபோகும். பல பத்தாயிரம் ரூபாய் காணிக்கை இப்படிக் கரைவதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எட்டுப் பேருக்காவது பயன்பட்டதே என்பீர்கள். திறந்த புட்டிகளுக்கும் ஒரு கெடு உண்டு. அது தாண்டினால் அந்த எட்டும் இல்லை.

வெயிலையும் சொல்ல வேண்டும். கிட்டுகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சோதனை செய்யும்போது அறை வெப்பத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள்; அவர்கள் நினைக்கிற அறை 25 டிகிரிக்குள் இருக்கிற அறை. கத்திரி வெயிலில் கடலூரில் அப்படிப்பட்ட அறை குளிர்சாதனம் இல்லாமல் ஏது? சூடான அறையில் தட்டின் ஓரக் குழிகள் நடுக்குழிகளைவிட வேகமாய் நிறம் மாறும்; ஓரத்தில் வைத்த நோயாளிக்கு வியாதி அதிகம் என்று வரும். கழுவுவதற்கும் வாலையில் வடித்த நீரே வேண்டும்; கடற்கரை ஊர்ப் போர் தண்ணீரை எண்ணிப் பார்க்கவும் கூடாது.

மின்சாரம்? 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது உங்களில் அநேகருக்கு நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாய் நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரங்கள் ஆயின. கூப்பிடு தூரத்தில் நெய்வேலி அனல் மின்நிலையம் இருந்தும் கம்பம் நிற்காவிட்டால் மின்சாரம் வருவதெப்படி? 2015 பெருமழையிலும் இந்த மாவட்டம் பட்டது நீங்கள் அறிந்ததே. குளிர்பெட்டி ஒரு முழு நாள் அணைந்து கிடந்தால் உள்ளே இருக்கிற கிட்டுகளை நம்பக் கூடாது. பார்வைக்கு அவை கெட்டதாகவே தெரியாது. அதுதான் ஆபத்து.

விலைப்பட்டியலைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. எம்.பி.ஓ. எலிசா என்ற பெயரில் இரண்டு விதமான கிட்டுகள் விற்கின்றன. ஒன்று அந்த நொதியை அளப்பது. மற்றது, உடல் தன் சொந்த நொதிக்கு எதிராகவே உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அளப்பது. சிறுநீரகத்தையும் நுரையீரலையும் திடீரென்று தாக்குகிற சில இரத்தக்குழாய் அழற்சிகளில் மருத்துவர்கள் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். பெட்டியின்மேல் பெயர் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அடுத்தது, நொதியை அளக்கிற கிட்டுகளில் பெரும்பாலானவற்றின் பெட்டியிலே, ஆராய்ச்சிக்கு மட்டும், நோய் கண்டறிய அல்ல என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட கிட்டில் வந்த எண்ணை நாங்கள் ஒரு நோயாளியின் சீட்டில் எழுதிக் கொடுக்க மாட்டோம். பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடங்களில் அவற்றுக்கு இடம் உண்டு. வார்டில் படுத்திருக்கிறவருக்கு அதனால் இன்றைக்கு மருந்து மாறாது.

அப்படியானால் வெள்ளை அணுக்களைப் பார்ப்பதால் பயனில்லையா என்று கேட்கலாம். மிகுந்த பயன் உண்டு. அதைக் காண்பித்ததும் ஒரு மிஷன் மருத்துவமனைதான். மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன்கள் சேர்ந்து நடத்தின காசநோய் சானடோரியத்தில், டாக்டர் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காசநோய் என்று வந்த சிலருக்கு இருமலும் இளைப்பும் எக்ஸ்ரேயில் நிழலும் இருந்தும், சளியில் கிருமியைக் காணோம். இரத்தத்திலோ ஈசினோபில் என்கிற வெள்ளை அணு மிதமிஞ்சியிருந்தது. இது காசநோய் அல்ல, அதைப்போல் தோன்றுகிற வேறொன்று என்று அவர்கள் எழுதினார்கள். 1943-இல் வைன்கார்ட்டன் அதற்கு வெப்பநாட்டு ஈசினோபீலியா என்று பெயரிட்டார். யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியாப் புழுக்களுக்கு உடல் காட்டுகிற மிகையான எதிர்ப்பே அது என்று பிற்பாடு தெளிவாயிற்று. இருமல் நீங்காத மனிதருக்கு ஈசினோபீலியா என்று நம் வீடுகளில் சகஜமாய்ச் சொல்கிறோமே, அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு துளி இரத்தமும் பொறுமையுள்ள ஒரு நுண்நோக்கியும் இருக்கின்றன. சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டரில் ஐந்நூறுக்குள் இருக்கவேண்டிய ஈசினோபில் இந்த நோயில் மூவாயிரத்தையும் தாண்டும். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட வேண்டியவரா, ஃபைலேரியா மருந்தில் சில நாட்களில் மூச்சு இலேசாகிறவரா என்பதை அந்த எண்ணிக்கை பிரித்துக் காட்டுகிறது.

நம் கடலூர் மாவட்டத்துக்கு ஃபைலேரியா புதிதல்ல. வருடத்துக்கு ஒரு தரம் ஊர் முழுவதற்கும் டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் முயற்சியைத் தமிழ்நாட்டில் 1996-இல் தொடங்கினது இந்த மாவட்டத்தில்தான். முன்பெல்லாம் இந்தப் புழுவின் குஞ்சுகளைக் காண இராத்திரியிலே வீடு வீடாய்ப் போய் விரலைக் குத்த வேண்டும். அவை இரவில்தான் வெளி இரத்தத்துக்கு வரும். தாய்ப்புழு வெளிவிடும் பொருளை எதிர்ப்பொருளால் பிடிக்கிற எலிசாவும், பிறகு அட்டைச் சோதனையும் வந்தபின் பகலிலும் கண்டுபிடிக்க முடிந்தது. இங்கே கிட் என்பது ஊழியர்களின் தூக்கத்தையும், கதவைத் தட்டி எழுப்பப்பட்ட ஜனங்களின் கோபத்தையும் மிச்சப்படுத்தியது. நல்ல கிட் என்று நாங்கள் சொல்வது இப்படிப்பட்டதை.

இனி, பின்னால் வருவோம் என்று சொன்ன அடினோசின் டீஅமினேஸ். ஏ.டி.ஏ. என்று மருத்துவர்கள் எழுதுவார்கள். வெள்ளை அணு நொதிகளில் எங்கள் வார்டுகளுக்கு அன்றாடம் உதவுகிறது இது ஒன்றுதான். இது பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பே இராது. 1990-இல் அமெரிக்காவில் முதல் மரபணுச் சிகிச்சை பெற்ற நான்கு வயதுச் சிறுமிக்கு இருந்த குறை இதுவே. காசநோயால் நெஞ்சில் நீர் கோத்தவர்களுக்கோ இதற்கு நேர்மாறாக, அந்த நீரிலே இது பெருகியிருக்கும். கிருமியையே கண்டுபிடிக்கிற புதிய கருவிகள் சளியில் நன்றாய் வேலை செய்தாலும், நெஞ்சு நீரில் கிருமி மிகக் குறைவாக இருப்பதால் பல வேளை கைவிட்டு விடுகின்றன. அப்போது ஏ.டி.ஏ. ஒரு லிட்டருக்கு 40 யூனிட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சீழ் கோத்தாலும் சில புற்றுநோய்களிலும் இது ஏறும். ஆகவே இதை மாத்திரம் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை.

இந்தச் சோதனை பெரும்பாலும் எலிசா அல்ல. எலிசா, நொதி எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று ஆஜர் பட்டியல் எடுப்பதுபோல; இது அவர்கள் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று பார்ப்பது. விலை குறைவு, சாதாரண நிறமானியே போதும், ஒரே ஒரு நோயாளி வந்தாலும் செய்துவிடலாம். நாங்கள் கேட்டால் இதைத்தான் கேட்போம்.

ஆகையால் அந்தச் சகோதரிக்கு இப்படி எழுதினோம். தாங்கள் பார்த்த கிட் வேண்டாம். அந்தத் தொகையில் ஒரு பகுதியை ஏ.டி.ஏ. சோதனைப் பொருட்களுக்கும், மீதியை முகாம் பெட்டிக்கும் கொடுங்கள். முகாம் பெட்டி என்பது பனிக்கட்டிப் பொதிகள், வெப்பத்தைக் குறித்துவைக்கும் ஒரு சிறு மானி, முகாமிலேயே இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்க பேட்டரியில் ஓடும் ஒரு சென்ட்ரிஃபியூஜ் ஆகிய இவ்வளவுதான். இவற்றில் பெயர் பொறித்த பலகை வைக்க இடமில்லையே என்று தயங்கினோம். அவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

மற்றவர்களுக்கும் எங்கள் விண்ணப்பம் உண்டு. எலிசாவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இரத்தம் ஏற்றுமுன் எச்.ஐ.வி.க்கும் மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கும் பார்க்கிற கிட்டுகள் இல்லாமல் எந்த மருத்துவமனையும் நடவாது. அரிதாய்த் தேவைப்படும் சோதனைகளை இங்கே ஒவ்வொன்றாய்ச் செய்து கிட்டை வீணாக்குவதைவிட, மாதிரியை முறையாய்ப் பிரித்துக் குளிரில் வைத்து, புதுச்சேரிக்கோ வேலூருக்கோ அனுப்பிவிடுவதே காணிக்கைக்குச் செய்கிற மரியாதை என்று கருதுகிறோம். வெளிநாட்டு நண்பர்கள் மூலமாய்க் கிட்டுகள் அனுப்ப விரும்புகிறவர்கள், முதலில் காலாவதித் தேதியை எங்களுக்கு எழுதிக் கேளுங்கள். துறைமுகத்திலும் சுங்கத்திலும் கழிகிற நாட்களில் குளிர் நிற்காது.

இந்த வருடம் மிக அவசரமாய்த் தேவைப்படுகிறது குளிர்பெட்டிகளுக்கு மாற்று மின்சாரம். பழைய பேட்டரிகள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். புயல் பெரும்பாலும் நவம்பரிலும் டிசம்பரிலும் வரும். அதற்குமுன் புதியவை வந்து சேர்ந்தால் போதும். மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் ஏறுகிறபடியால், அவற்றுக்கு முதல் மாடியில் இடம் ஒழித்து வைத்திருக்கிறோம்.